கரிசலுக்கு மேல் செம்மண்

அத்தியாயம் 7

மாமனார் தரையில் முட்டி போட்டிருந்தார். மாப்பிள்ளை ஸ்டூல் மேல் ஏறி நின்று, கால்சட்டையின் ஓரத்தை மடிக்க அளவு எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒட்டடை வாசலிலேயே நின்றுவிட்டான். காணாமல் போன பெண்ணைத் தேடி வந்த இடத்தில், பெண்ணின் தகப்பன் இப்படிக் காலடியில் உட்கார்ந்திருப்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

ஒட்டடை என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. உயரம் கதவு நிலையில் இடிக்கும். அகலம் என்று ஒன்று கிடையாது. ஒட்டடைக்குச்சி என்று ஆரம்பித்து, சொல்பவர்களுக்கு வாய் வலித்து, ஒட்டடையில் நின்றுவிட்டது. அவனுக்குப் பின்னால் வந்தவளை ஊரே இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் அழைக்கும். மேலதிகாரியின் மச்சானைக் கைது செய்து அவள் உத்தியோகத்தைப் பறிகொடுத்து வருஷங்கள் ஓடிவிட்டன. பதவி போனாலும் பட்டம் போகவில்லை. இப்போது ஒரு மாடி அறையில் தனியார் துப்பறியும் தொழில். ஒட்டடைதான் அவளுடைய ஒரே சிப்பந்தி.

“வாங்க வாங்க,” என்றார் மாப்பிள்ளையான மண்ணியல் புரொபசர், ஸ்டூலிலிருந்து இறங்காமலே. “மாமா, பாருங்க, உங்க ஆளுங்க வந்தாச்சு. இந்த வீட்டுக் கொல்லையைத் தோண்டணுமா மேடம்? போன தடவை போலீஸ் வந்து தோண்டிட்டுப் போனாங்க. அதுகூடப் பரவாயில்ல. மூடும்போது அடிமண்ணை மேலயும் மேல்மண்ணை அடியிலயும் போட்டுட்டாங்க. எனக்கு வயிறெரிஞ்சு போச்சு.”

“பொண்டாட்டி போனதுக்கு எரியாத வயிறு மண்ணுக்கு எரிஞ்சுதா சார்?” என்றான் ஒட்டடை.

“பொண்டாட்டி போயிட்டா. மண்ணு எங்கயும் போகாது.”

தையல்காரரான மாமனார் தலை நிமிரவில்லை. பையிலிருந்து சாக்பீஸை எடுத்துத் துணியில் கோடு இழுத்தார். முக்கோண வெள்ளைச் சில்லு; பிடித்துப் பிடித்து மழுங்கியிருந்தது. கோடு நேராக விழுந்தது. வாரா வாரம் வருவார். மகளைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்பார். மாப்பிள்ளை இல்லை என்பார். கையோடு ஒரு மூட்டைத் துணியைக் கொடுத்து அனுப்புவார். பதில் கடுமையாக வந்தாலும், அடுத்த வாரம் வருவதற்கு அந்தத் துணி ஒரு சாக்கு என்பதால் தையல்காரர் வாங்கிக்கொள்வார்.

மழைக்காலத் தொடக்கத்தில் மகள் காணாமல் போனாள். பை ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள் என்பது புருஷன் சொன்ன கதை. அவளுடைய செல்போன் பஸ் நிலையக் கழிப்பறையில் கிடைத்தது. போலீஸ் அத்தோடு ஃபைலை மூடியது.

ஒட்டடை சுவரைப் பார்த்தான். ஆள் உயரப் பலகைகள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் தலையிலிருந்து கால் வரை மண். மேலே வார்னிஷ் மினுமினுத்தது.

“இத்தனை கதவு வெச்சிருக்கீங்க, ஒண்ணுகூடத் திறக்காது போலிருக்கே?”

புரொபசர் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டார். ஸ்டூலை விட்டு இறங்கினார். “குழி வெட்டுவோம். அதோட சுவர்ல பலகையை அழுத்தி, பசை ஊத்தி, அப்படியே பேர்த்து எடுப்போம். மேல இருந்தது மேலயே இருக்கும், அடியில இருந்தது அடியிலயே இருக்கும். இதுதான் மண்ணோட முகம். படிக்கத் தெரிஞ்சவன் படிக்கலாம்.”

“எனக்குப் படிக்கத் தெரியாதே சார்,” என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. அவள் அப்பாவி முகம் வைத்துக்கொண்டால் யாருக்கோ கேடுகாலம் என்பது ஒட்டடைக்குத் தெரியும். அவன் சற்று ஒதுங்கி நின்றான்.

புரொபசருக்கு வகுப்பு எடுக்க ஆள் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு பலகையாக விரலை ஓட்டினார். “நிறத்தைப் பார்க்கணும். ஈரமாக்கிப் பிசைஞ்சு பார்க்கணும். நாடா மாதிரி நீளமா வந்தா களி, உதிர்ந்தா மணல். கட்டி எப்படி உடையுது, வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கு, எல்லாம் பார்த்துட்டுத்தான் இது இன்ன வகைன்னு பேர் வெப்போம். இது மலையடிவாரச் செம்மண். இது வண்டல். இது கடலோர மணல்.”

“அடுக்குக்கு நடுவுல கோடு இருக்குமா சார்?”

“இயற்கை ஸ்கேல் வெச்சுக் கோடு போடாது மேடம். பெரும்பாலும் ஒரு அடுக்கு அடுத்த அடுக்குல மெல்ல மெல்லக் கரையும். அதெல்லாம் நுணுக்கம். என் பொண்டாட்டியும் என்கிட்ட படிச்சவதான். ரெண்டு எழுத்து கத்துக்கிட்டதும் எனக்கே பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டா.” சிரித்தார். “மாமா, அந்த நாற்காலியைத் தள்ளுங்க.”

கடைசிப் பலகைக்கு நேர் கீழே ஒரு நாற்காலி. தையல்காரர் வழக்கமாக உட்காரும் இடம். அவர் அதை அவசரமாக நகர்த்தினார்.

மற்றவற்றைவிட இந்தப் பலகையின் வார்னிஷ் புதிது. உச்சியில் ஒரு சாண் அளவுக்குச் சிவப்பு. அதற்குக் கீழே கால் வரை கன்னங்கரேல். அடிப்பாகத்தில் மட்டும் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள்.

“இது கரிசல். ஆத்தோரத்துல எடுத்தது. மனுஷக் கையே படாத மண்ணு. மேல இருக்கற சிவப்பு, வெள்ளம் கொண்டு வந்து போட்டது. அடியில பாருங்க, சுண்ணாம்பு. மழைத்தண்ணி கரைச்சுக் கரைச்சு அடியில கொண்டுபோய்ச் சேர்த்திருக்கு.” மேஜையிலிருந்த சொட்டுக் குப்பியை எடுத்து ஒரு கட்டி மேல் விட்டார். சுர்ரென்று நுரைத்தது. “அமிலம். சுண்ணாம்புன்னா நுரைக்கும். பொய் சொல்லாது.”

“மேல சிவப்புலயும் ஒரு வெள்ளை தெரியுதே?”

“அதுவும் சுண்ணாம்புதான்,” என்றார், பார்க்காமலே.

“நிறம் பார்க்க ஏதோ அட்டை வெச்சிருப்பீங்களாமே? ஒரு தடவை காட்டுங்களேன்.”

கேட்டதுதான் தாமதம், புரொபசர் உள்ளறைக்குப் போனார். இன்ஸ்பெக்டரம்மா குப்பியை எடுத்தாள். சிவப்பு அடுக்கில் பதிந்திருந்த வெள்ளைச் சில்லின் மேல் வார்னிஷை நகத்தால் சுரண்டிவிட்டு ஒரு சொட்டு விட்டாள். நுரைக்கவில்லை. கல்லின் மேல் தண்ணீர் மாதிரி வழிந்தது. அடுத்த நொடி சில்லின் நுனியைக் கிள்ளி எடுத்து, ஒட்டடையின் தொடையில் ஒரு இழுப்பு இழுத்தாள். நீலக் கால்சட்டையில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு.

“துவைச்சுப் போட்டது மேடம்!”

“வாயை மூடு.”

புரொபசர் வண்ண அட்டைகளோடு திரும்பினார். அவள் சிரத்தையாகப் பார்த்தாள், ஆகா என்றாள், கிளம்பினாள். தையல்காரரும் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை கொண்டாங்க மாமா,” என்றார் மாப்பிள்ளை. “அதுக்குள்ள உங்க பொண்ணு வந்துட்டா, அவளையே ஊசி பிடிக்கச் சொல்லலாம். எங்க போயிடப் போறா?”

தையல்காரர் அந்தக் கடைசி வார்த்தையை ஆறுதலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

மருந்துக்கடைக்குப் போய்விட்டு பஸ்ஸில் வருகிறேன் என்று அவர் பிரிந்துபோனார். இன்ஸ்பெக்டரம்மாவின் கார் வழக்கம்போல் முனகிவிட்டுக் கிளம்பியது.

“ஆத்துல உருண்டு வந்த கல்லு எப்படி இருக்கும்?” என்றாள்.

“வழவழன்னு. உங்க பேச்சு மாதிரியே இருக்காது.”

“அந்தச் சிவப்புல இருந்த கல்லு எல்லாம் மூலையும் முனையுமா இருந்துது. லாரியில வந்த கிராவல். அடியில கரிசல், மேல கிராவல், நடுவுல கத்தியால அறுத்த மாதிரி கோடு. கரிசல் மண்ணு வெயில்ல வெடிக்கும், மழையில வீங்கும். அது மேல வீடு கட்டறவன் கிராவல் அடிப்பான். ஆத்தோர வயல்ல எவன் அடிப்பான்?”

ஒட்டடை தன் தொடையைப் பார்த்தான். “இது டெய்லர் சாக்பீஸ். இல்லையா?”

“ஆமா, மாக்கல்லு. சுண்ணாம்பு இல்ல, அதான் நுரைக்கலை. டெய்லர் வீட்டுக் கொல்லையில மட்டும்தான் மண்ணுல சாக்பீஸ் முளைக்கும்.”

ஒட்டடை சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். “மேடம், அப்போ பெரியவரே...? நம்மளைக் கூட்டிட்டு வந்தவரே அவர்தானே?”

“கூட்டிட்டு வந்தவனே கொன்ன கேசு நான் பார்த்திருக்கேன். அழுதுக்கிட்டே வருவான்.” அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பெரியவர் அழவே இல்லையே, கவனிச்சியா?”

காரைத் தையல்காரர் வீட்டுப் பக்கம் திருப்பினாள். ஒட்டடைக்கு அதற்குமேல் கோமாளித்தனம் வரவில்லை. அந்த மனிதரின் கையிலிருந்துதான் போன வாரம் டீ வாங்கிக் குடித்தான்.

தையல்காரர் வீட்டின் முன்னறைதான் கடை. அடுத்த அறையில் அவர் மனைவி. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையோடு இருப்பவள். ஜன்னல் வழியே, “யாரு?” என்றாள். “நாங்கதாம்மா,” என்று சொல்லிவிட்டு இருவரும் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனார்கள்.

கொல்லை முழுக்கச் செந்நிறக் கிராவல். கடையைப் பெருக்கிக் கொட்டிய குப்பை அதில் மிதிபட்டுக் கிடந்தது: நூல் துணுக்கு, உடைந்த பொத்தான், தேய்ந்த சாக்பீஸ் சில்லுகள். ஒட்டடை செருப்பு முனையால் நோண்டினான். ஒரு சாண் ஆழத்தில் கருப்பு தெரிந்தது. மூலையில் பெரிய சிமென்ட் மேடை. அதன் மேல் ஒரு பக்கமாகத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் அகலத்துக்கு அந்த மேடை ரொம்பப் பெரிது.

“ஆளுக்குச் சட்டை தைச்ச மாதிரி இல்லையே,” என்றான் மெதுவாக. “தொளதொளன்னு இருக்கு.”

“வேற ஆளுக்குத் தைச்சது,” என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

தையல்காரர் வந்தார். மருந்தை ஜன்னல் வழியே மனைவியிடம் கொடுத்தார். பிறகு நேராக வந்து மேடையில் ஏறி உட்கார்ந்து, செல்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எப்பவும் இங்கதான் உக்காருவீங்களா ஐயா?” என்று கேட்டான் ஒட்டடை.

“வீட்டுக்குள்ள சிக்னல் வராது தம்பி. அவ கூப்பிட்டா எடுக்கணுமே. சாப்பாட்டுத் தட்டைக்கூட இங்கதான் கொண்டு வந்துடுவேன்.” சிமென்டைக் கையால் தடவினார். “மாப்பிள்ளை கட்டிக் குடுத்தது. என்னைப் பத்தி எப்படி வேணா பேசட்டும், கட்டின கை அவரோடது. எனக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தா மேடையும் தொட்டியுமா நிக்குது. குழாய்த்தண்ணிக்கு அலைய வேணாம் மாமான்னாரு. பெத்த பிள்ளைகூடச் செய்ய மாட்டான்.”

“உங்க பொண்ணு அப்போ எங்க?”

“அந்த வாரம்தானே அவ போனது.” சொல்லிவிட்டு, இரண்டும் ஒரே வாரம் என்பதை அப்போதுதான் கேட்டவர் போலக் கொஞ்சம் நிறுத்தினார். “நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்னு அம்மாவைப் பார்த்துக்க வந்திருக்கா. அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் இங்க ஏதோ பேச்சு முத்தியிருக்கு. கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டான்னு மாப்பிள்ளை சொன்னாரு.”

“மேடை கட்டறதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துது?”

“குழி. மண்ணு எப்படின்னு பார்க்கணும், அப்பதான் தொட்டியோட பாரம் தாங்குமான்னு தெரியும்னு வெட்டினாரு. அவர் எங்க வெட்டினாரு? நான்தான் வெட்டினேன். அவர் மேல நின்னு இன்னும் ஆழம், இன்னும் ஆழம்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. ஆள் முழுகற ஆழம். சுவர்லகூட ஒரு பலகையை வெச்சு ஏதோ...”

அவர் வாய் அப்படியே நின்றது. ஒட்டடை வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு மனிதனின் முகம் அப்படி மாறுவதைப் பார்க்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது.

“எந்திரிங்க,” என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

அவர் எழவில்லை. எழ முடியவில்லை. ஒட்டடைதான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

மறுநாள் காலையில் ஸ்டேஷன் அதிகாரி ஆட்களோடு வந்தார். “போன தடவை தோண்டி வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதாம்மா?” என்று அலுத்துக்கொண்டாலும் வந்தார். தொட்டியை இறக்கினார்கள். மேடையை உடைக்க ஆரம்பித்தபோது, ஒரு கான்ஸ்டபிள் புரொபசரை அழைத்து வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. முகத்தில் பதற்றம் துளியும் இல்லை.

“ஆத்தோரப் பலகையில டெய்லர் சாக்பீஸ் இருந்துது சார்,” என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. “நுரைக்கலை. அமிலம் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

புரொபசர் ஒரு நிமிஷம் யோசித்தார். தப்பு எங்கே நடந்தது என்று கணக்குப் பார்ப்பதைப் போல. “பார்த்திருக்கணும்,” என்றார் கடைசியில். அவ்வளவுதான். பிறகு குழியின் ஓரத்துக்குப் போனார். கூலியாட்கள் சிவப்பையும் கருப்பையும் ஒரே குவியலாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். “தனித்தனியா போடுங்கய்யா! எல்லாத்தையும் கலக்கறீங்களே!”

“நீங்க கலக்கலையா சார்?” என்றாள் அவள். “அடியில இருக்க வேண்டிய சுண்ணாம்புக் கட்டியெல்லாம் மேலயே வருதே. அவசரமோ?”

அவருக்கு அதுதான் உறைத்தது. முகம் சிவந்தது. “மழை வந்துடுச்சு,” என்றார், பரீட்சையில் மதிப்பெண் குறைத்ததற்கு முறையிடுபவர் போல.

ஸ்டேஷன் அதிகாரி அவர் கையைப் பிடித்தார்.

துணி தெரிந்தது. மண்ணின் நிறத்தில் நிறம் தொலைத்த துணி. எல்லோரும் நின்றார்கள். தையல்காரர் யாரும் தடுக்கும் முன் குழிக்குள் இறங்கிவிட்டார். கருப்புக் களியை விரலால் வழித்துவிட்டு, துணியின் ஓரத்தை மட்டும் பிடித்துப் பார்த்தார். தையலைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய தையல்தான். வேறு யாரும் அந்த இடத்தில் இரட்டைத் தையல் போட மாட்டார்கள். சின்ன வயதிலிருந்தே அவள் ரவிக்கை அங்கேதான் கிழியும்.

“எதுக்கு மாப்பிள்ளை?” என்றார் குழிக்குள்ளிருந்து. சத்தம் போடவில்லை. வாரா வாரம் கேட்ட அதே குரல்.

“பத்து பேர் முன்னாடி, நான் பேர் வெச்ச மண்ணைத் தப்புன்னு சொன்னா.”

“தப்பா இருந்துதா?”

புரொபசர் கலந்து கிடந்த மண் குவியலைப் பார்த்தார். பிறகு, கான்ஸ்டபிள் இழுக்கும்போது திரும்பி, “நாற்காலியை அங்க போட்டது நான்தான் மாமா. உங்க பொண்ணு கிடக்கற குழியோட பலகைக்குக் கீழயே நீங்க உக்காரணும்னு,” என்றார். “குழியும் நீங்க வெட்டினதுதான். அதையும் கோர்ட்ல சொல்லுங்க.”

ஒட்டடை முன்னால் பாய்ந்தான். இன்ஸ்பெக்டரம்மா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். “ஒரு அடி அடிச்சா அவனுக்குத்தான் லாபம். விடு.”

வண்டி புறப்பட்டுப் போனது. தையல்காரர் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். 

அப்போதுதான் ஜன்னலிலிருந்து அந்தக் குரல் வந்தது. “என்னங்க சத்தம்? மாப்பிள்ளை குரல் கேட்டுதே? வந்தவரை வெளியிலயே நிக்க வெச்சுப் பேசறீங்களே, உள்ள கூப்பிடுங்க.”

தையல்காரர் குழிக்குள்ளிருந்து ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏங்க?”

தையல்காரர் வாயைத் திறந்தார். “தொட்டி ஒழுகுதாம். சரி பண்ணிக்கிட்டிருக்காங்க,” என்றார். சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரம்மா ஒட்டடையைப் பார்த்தாள். “போய்ச் சொல்லு.”

“நானா? மேடம், நீங்க சொன்னாத்தான்...”

“நான் சொன்னா போலீஸ் சொன்ன மாதிரி இருக்கும். போன வாரம் முழுக்க அவங்களைச் சிரிக்க வெச்சது நீதானே? நீ போ. சுத்தி வளைக்காதே. தண்ணி கேட்டா குடு. அழுதா கூட இரு.”

“வேற யாராவது...”

“வேற யாரும் இல்ல. அவராலயும் முடியாது. போ.”

ஒட்டடை போனான். நிலைப்படியில் குனிய மறந்து நெற்றியில் இடித்துக்கொண்டான். கட்டிலில் கிடந்தவள் அதைப் பார்த்துவிட்டு, “பார்த்து வாப்பா,” என்று சிரித்தாள். இன்னொரு வேடிக்கைப் பேச்சுக்காக அவன் முகத்தையே பார்த்தாள்.

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தால் அவன் முகம் அவள் முகத்துக்குச் சரியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மண்வெட்டிகள் ஓய்ந்திருந்தன.

“அம்மா,” என்றான். “உங்க பொண்ணு பஸ் ஏறலை.”

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. மெல்ல மெல்லத்தான் போனது. அது முழுசாகப் போகும்வரை அவன் காத்திருந்தான். பிறகு மீதியைச் சொன்னான்.